குறட்டையும் கீழ்த்தாடையும்

கலியாண வீடுகளிலே நாம் எல்லோரும் கண்ட காட்சி ஒன்றுண்டு. பலகாரச் சூடும் பந்தல் வேலையும் ஓய்ந்தபின், விறாந்தையிலே பாய்களை விரித்து ஆடவர் வரிசையாகப் படுத்துவிடுவர். சிறிது நேரத்துள் அவ்வரிசையின் ஒரு மூலையிலிருந்து குறட்டை ஒலி கிளம்பும். முதலிலே மெல்லத் தொடங்கும் அவ்வொலி, பின்னர் மரக்காலையிலே மரம் அரியும் ஓசையென வளர்ந்து வீட்டையே நிறைத்துவிடும். சிறுவர் வாய்பொத்திச் சிரிப்பர். இளைஞர் ‘கும்பகருணன்’ என்று பெயர் சூட்டுவர். முதியோரோ, “குடுத்து வைச்ச மனுசன், படுத்த உடனை நித்திரை” என்று பாராட்டுவர்.

அந்தச் சிரிப்பும் தவறு; அந்தப் பாராட்டும் தவறு. இதனைச் சொல்லவே இவ்வாரம் எழுதப் புகுந்தேன். குறட்டை விடுவோர் எல்லாரும் நோயாளர் அல்லர். ஆயினும் உரத்த குறட்டைக்கு நடுவே திடீரென வரும் அமைதி சிரிப்புக்குரியதன்று. அந்த அமைதியிலே ஒரு மனிதனின் மூச்சு நின்றிருக்கக்கூடும்.

இதனை எனக்குக் கற்பித்தவர் வைத்தியர் அல்லர், என் மாமி. என் அம்மான் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். வலிகாமத்திலே தோட்டமும் துரவுமாக அமைதியாக வாழ்பவர். சில ஆண்டுகளுக்கு முன், கோயில் திருவிழாவுக்குச் சென்று அவர்கள் வீட்டிலே தங்கினேன். மறுநாட் காலையில் மாமி என்னைத் தனியே கிணற்றடிக்கு அழைத்தார்.

“தம்பி, உமக்குப் படிச்ச ஆக்களோடை பழக்கம் இருக்கு. ஒண்டு கேக்கிறன், சிரிக்காதையும். இவர் குறட்டை விடேக்கை எனக்குப் பயமில்லை. குறட்டை நிக்கேக்கைதான் பயம். நிண்டவுடனை நான் எண்ணத் தொடங்குவன். இருவத்தைஞ்சு, முப்பது மட்டும் போகும். பிறகு தண்ணிக்குள்ளை தாண்டவன் எழும்பினது மாதிரி ஒரு சத்தத்தோடை மூச்சு வரும். அது வருமட்டும் எனக்கும் மூச்சில்லை.”

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். “நாளோ? வருசக்கணக்கு” என்றார். ஏன் எவரிடமும் சொல்லவில்லை என்றதற்கு, “குறட்டைக்கும் டொக்குத்தரிட்டைப் போறதோ எண்டு சனம் சிரிக்காதோ?” என்றார்.

அம்மானைக் கேட்டால் தமக்கு நித்திரையிலே குறைவேதும் இல்லை என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் அறியார், அவ்வளவே. ஆனால், காலையிலே தலையிடியோடு எழும்புவார். பத்திரிகையை விரித்தபடியே உறங்குவார். சந்திக்குப் போய் வருகையில் மோட்டார்ச் சைக்கிளிலே ஒருமுறை கண் அயர்ந்து வேலியோடு மோதினார். இரத்த அழுத்தத்துக்கு அவர் விழுங்கும் குளிகையின் அளவு ஆண்டுதோறும் கூடியதேயன்றிக் குறையவில்லை. இவை யாவும் ஒரே நூலிற் கோத்த மணிகள் என்பது எங்களுக்கு அப்போது விளங்கவில்லை.

அந்த நூல் யாதெனப் பார்ப்போம். நமது மூச்சுக்குழாய் குருத்தெலும்பு வளையங்களால் ஆனது; ஆதலின் அது எளிதில் ஒடுங்காது. ஆனால் அதற்கு மேலே, அண்ணத்தின் பின்புறத்திற்கும் குரல்வளைக்கும் இடையிலுள்ள தொண்டைப் பகுதிக்கு அத்தகைய வளையங்கள் இல்லை. தசைகளே அதனைத் திறந்து வைத்திருக்கின்றன. விழித்திருக்கும்போது அத்தசைகள் இறுகிக் காவல் செய்யும். உறங்கும்போது அவை தளரும். மல்லாந்து படுத்தால் நாக்கும் மெல்லண்ணமும் பின்னோக்கிச் சரிந்து வழியை ஒடுக்கும். ஒடுங்கிய வழியாலே காற்றுப் புகும்போது மென்சதை அதிர்வதே குறட்டை. வழி முற்றாக அடைபட்டால் ஒலியும் இல்லை; மூச்சும் இல்லை. மார்பு ஏறி இறங்கி முயலும், காற்றோ உட்புகாது. இரத்தத்திலே ஒட்சிசன் குறையும். மூளை அபாயத்தை உணர்ந்து ஒரு கணம் விழிக்கும், தசை இறுகும், பெருஞ் செருமலோடு மூச்சு மீளும். பின்னர் மறுபடியும் உறக்கம், மறுபடியும் அடைப்பு. அக்கண நேர விழிப்புகள் காலையிலே நினைவில் நில்லா. எனவேதான் நோயாளி தன் நோயை அறியான். பக்கத்திற் படுத்திருப்பவரே அதற்குச் சாட்சி.

வைத்திய உலகமும் இதனைக் காலந்தாழ்த்தியே கண்டது. 1836, 1837ஆம் ஆண்டுகளிலே சார்ள்ஸ் டிக்கன்ஸ் பகுதி பகுதியாக வெளியிட்ட ‘பிக்விக்’ நாவலில், நின்ற நிலையிலேயே உறங்கிக் குறட்டை விடும் பருத்த பையன் ஒருவன் வருகிறான். படித்தோர் சிரித்தனர். 1956இல் அமெரிக்க வைத்தியர் சிலர், மிகு பருமனும் மூச்சுக் குறைவும் பகலுறக்கமும் சேர்ந்த நோய்நிலை ஒன்றுக்கு அந்நாவலின் பெயரையே இட்டனர். அவர்கள் விவரித்த நோயாளி, சீட்டாட்டத்திலே வெல்லத்தக்க சீட்டுகளைக் கையில் வைத்தபடியே உறங்கிப்போனவர். முந்நூற்றிநாலு ஆடும் நம்மவர்க்கு இதன் கொடுமை நன்கு விளங்கும். 1965இல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் ஆய்வாளர் உறங்குவோரின் மூச்சை இரவிலே பதிவுசெய்து, அது நின்று நின்று வருவதைக் காட்டினர். 1976இல் அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திலே கிறிஸ்ரியன் கில்மினோ என்பவரும் அவர்தம் குழுவினரும் இதனை உறக்க மூச்சுத்தடை நோய் எனத் தனியே வகுத்துப் பெயரிட்டனர்.

இந்நோயை எண்ணிக்கையால் அளக்கின்றனர். மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ நிற்பதை ஒரு தடை என்பர். பெரிதும் குறைந்துபோவதையும் அதனோடு சேர்த்துக் கணக்கிடுவர். முதிர்ந்தவர்க்கு மணிக்கு 5க்கு உட்பட்டால் கவலையில்லை. 5 முதல் 15 வரை இலேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரமானது. 30க்கு மேற்பட்டால் கடுமையானது. மணிக்கு 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை! ஒருவன் கழுத்தை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை யாரேனும் நெரித்து விட்டால் நாம் வாளாவிருப்போமா? இங்கே நெரிக்கும் கை கண்ணுக்குத் தெரியவில்லை; அதுவே வேறுபாடு.

இவ்வாறு ஆண்டுக்கணக்காக நிகழுமாயின், இரத்த அழுத்தம் ஏறும். இருதயத்தின் துடிப்பு ஒழுங்கு தவறும். பாரிசவாதம் வரும் வாய்ப்புக் கூடும். வாகனம் ஓட்டுவோர் வீதியிலே உறங்குவர். 2022 பெப்ரவரியில் மும்பாயிலே காலமான இசையமைப்பாளர் பப்பி லகிரியின் மரணத்துக்கு இந்நோயே காரணமென அவருக்குச் சிகிச்சையளித்த வைத்தியர் அறிவித்தமை பலருக்கு நினைவிருக்கும். புகழும் பொருளும் உடையவரையும் இது விடவில்லை.

அம்மானைப் பெரும்பாடுபட்டுக் கொழும்புக்கு அழைத்துச் சென்றோம். அங்கே ஓர் இரவு உறக்கப் பரிசோதனை நிகழ்ந்தது. மணிக்கு 20ஐச் சற்றுக் கடந்த எண்ணிக்கை வந்தது, நடுத்தர வகை. வைத்தியர் முதலிலே கூறியது காற்றழுத்த இயந்திரம். சிட்னி நகரத்துக் கொலின் சலிவன் 1981இல் உலகுக்கு அறிவித்த முறை அது. மூக்கிலே கவசம் பொருத்தி, சிறு இயந்திரத்தாலே காற்றை மெல்லிய அழுத்தத்தோடு செலுத்தினால், அக்காற்றே தொண்டையைத் திறந்து வைத்திருக்கும். கடுமையான நோய்க்கு இன்றும் முதன்மையான சிகிச்சை அதுவே. அதனைப் பழகிக்கொண்டோர் புத்துயிர் பெற்றதுபோல உணர்வர்.

ஆனால் எல்லோராலும் பழக முடிவதில்லை. கவசத்தோடு அம்மான் ஒரு மணி நேரமும் உறங்கவில்லை. அன்றியும், இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டும். 1990க்குப்பின் ஆண்டுக்கணக்காக மின்சாரமின்றிச் சிமினி விளக்கிலே பிள்ளைகளைப் படிப்பித்த மண் இது. 2022 மார்ச்சு இறுதியிலே நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததையும் நாம் மறக்கவில்லை. “கறண்ட் போனால் என்ரை மூச்சும் போமோ?” என்று அம்மான் கேட்டார். நகைச்சுவையாகத்தான் கேட்டார்; ஆயினும் எவரும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் வைத்தியர் பல்வைத்தியரிடம் போகுமாறு கூறினார். மூச்சுக்கும் பல்லுக்கும் என்ன தொடர்பு என்று நாங்கள் விழித்தோம். தொடர்பு மிக எளியது. நாக்கின் பெருந்தசை கீழ்த்தாடை எலும்பின் உட்புறத்திலே, நடுப்பகுதியில் பற்றிக்கொண்டிருக்கிறது. தாடை முன்னே வந்தால் நாக்கும் முன்னே வரும். தொண்டை வழி விரியும். மயக்கமுற்றவனின் கீழ்த்தாடையை முன்தள்ளி மூச்சு வழியைத் திறக்கும் முறையை முதலுதவி வகுப்பிலே கற்ற மாணவர் அறிவர். 19ஆம் நூற்றாண்டிலே ஜெர்மானியச் சத்திர வைத்தியர் எஸ்மார்க் என்பவரின் பெயரோடு இணைந்த முறை அது. விழிப்பவன் கை செய்யும் அவ்வேலையை உறங்குபவன் வாயிலே இரவு முழுவதும் ஒரு கருவி செய்தால் என்ன என்ற எண்ணமே இச்சிகிச்சையின் வித்து. 1982இல் சிக்காகோவிலே நாக்கை முன்னிழுத்து வைக்கும் கருவி ஒன்றைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. 1984இல் ஜெர்மனியிலே தாடையை முன்னிறுத்தும் கருவி விவரிக்கப்பட்டது. அதற்கு எஸ்மார்க்கின் பெயரையே வைத்தனர்.

கருவியின் அமைப்பு வியப்புக்குரியதன்று. பல்வைத்தியர் மேற்பற்களுக்கும் கீழ்ப்பற்களுக்கும் அச்செடுப்பார். கட்டுப்பல்லின் அடித்தளத்துக்கு உதவும் பிளாஸ்டிக்குப் போன்ற பொருளாலே இரு தகடுகள் செய்யப்படும். ஒன்று மேல்வரிசையைக் கவ்வும். மற்றது கீழ்வரிசையைக் கவ்வும். இரண்டையும் இணைக்கும் அமைப்பு, கீழ்த்தாடையைச் சில மில்லிமீற்றர் முன்னே நிறுத்தும். தாடையை ஒருவர் தாமாக எவ்வளவு முன்தள்ள முடியுமோ, அதிலே பாதி முதல் முக்காற்பங்கு வரை கொண்டுவருவது வழக்கம். ஒரே நாளிலன்று, வாரக்கணக்கிலே, சிறு திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருப்பி. காலையிலே கழற்றிக் கழுவிப் பெட்டியில் வைத்துவிடலாம். மின்சாரம் வேண்டா, ஓசை இல்லை, சட்டைப் பையிலே வைத்துக்கொண்டு யாழ்தேவியில் ஏறலாம்.

இதற்கு ஒரு தமிழ்ப் பெயர் வேண்டும். வைத்தியத்தைத் தமிழாக்குவது நமக்குப் புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே மேலை வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். அந்த மரபை நம்பி, ‘தாடைதாங்கி’ என்று இதனை அழைக்கிறேன். இதனிலும் நல்ல சொல்லை மாணவர் எவரேனும் தந்தால் மகிழ்வேன்.

இனி, இதன் எல்லைகளையும் மறையாது சொல்லவேண்டும். 2015இலே அமெரிக்க உறக்க வைத்தியக் கழகமும் பல்வைத்தியர் கழகமும் கூடி வெளியிட்ட வழிகாட்டி, காற்றழுத்த இயந்திரத்தைத் தாங்கமாட்டாதவர்க்கும் வேறு வழி விரும்புபவர்க்கும் தாடைதாங்கியைப் பரிந்துரைக்கிறது. தடைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதில் இயந்திரமே வலியது. ஆனால் பெட்டியிலே கிடக்கும் இயந்திரத்தைவிட வாயிலே இருக்கும் தாங்கி பயன் தரும் என்பது வெளிப்படை. இலேசான, நடுத்தர நோய்க்கே இது பெரும்பாலும் ஏற்றது. மூளையின் கட்டளைக் குறைவினால் மூச்சு நிற்கும் வேறொரு வகைக்கு இது உதவாது.

தாங்கிக்குப் பிடிமானம் வேண்டும்; ஆகவே உறுதியான பற்கள் போதிய அளவு இருத்தல் வேண்டும். முரசு நோயுற்றுப் பல் ஆடுவோர் முதலில் அதற்குச் சிகிச்சை பெறவேண்டும். இங்கே நம் வெற்றிலைத் தட்டத்தையும் நினைக்கவேண்டியிருக்கிறது. பாக்கை நெடுங்காலம் மெல்லுவோரிற் சிலருக்கு வாயின் உட்தோல் இறுகி, வாயைப் பெரிதாகத் திறக்க முடியாத நோய் உண்டாகும். அத்தகையோர்க்கு அச்செடுப்பதே அரிது. அந்நோய் புற்றாக மாறவும் கூடும். பாக்கினால் வரும் கேடுகளோடு இதனையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்க.

தொடக்கத்திலே வாயில் நீர் ஊறும், தாடைமூட்டு நோகும், காலையிலே பற்கள் சரியாகப் பொருந்தாததுபோல் இருக்கும். பெரும்பாலும் இவை சில வாரங்களிலே தணியும். ஆண்டுகள் செல்லச் செல்லப் பற்களின் பொருத்தம் சிறிது மாறுவதும் உண்டு. ஆதலின் பல்வைத்தியரின் மேற்பார்வை தொடரவேண்டும். கடைகளிலே விற்கும், வெந்நீரிலிட்டுக் கடித்துப் பொருத்திக்கொள்ளும் மலிவான தகடுகளை வாங்கித் தாமே மாட்டிக்கொள்வது தகாது. அவற்றாற் குறட்டை அடங்கலாம். ஒலி அடங்குதல் வேறு. நோய் அடங்குதல் வேறு. ஓசையின்றி மூச்சு நிற்கும் நிலை முன்னையதிலும் கேடானது. சாட்சியே இல்லாமற் போய்விடும் அன்றோ? இக்காரணத்தாலேதான், தாங்கியை அணிந்தபடியே மீண்டும் ஒருமுறை உறக்கப் பரிசோதனை செய்யவேண்டும் என்பர்.

மாணவர்க்கு ஒரு சொல். இலங்கையிலே பல்வைத்தியக் கல்வி 1943இல் கொழும்பிலே தொடங்கி, 1954இல் பேராதனைக்கு மாறியது. பல்வைத்தியம் என்றால் பல் பிடுங்குதல் என்று எண்ணி அத்துறையைக் குறைவாக மதிப்போர் நம்மிடையே இன்றும் உளர். பல்வைத்தியர் ஒருவர் திருகாணியைக் கால் மில்லிமீற்றர் திருப்பி ஒரு மனிதனுக்கு மூச்சைத் திருப்பிக் கொடுக்கிறார் என்பதை அவர்கள் நினைப்பார்களாக.

சிகிச்சையோடு ஒழுக்கமும் வேண்டும். உடல் எடை மிகுந்தோர் அதனைக் குறைக்கவேண்டும். மாலையிலே கள்ளும் சாராயமும் அருந்தினால் தொண்டைத் தசை மேலும் தளரும். நித்திரைக் குளிகைகளும் சிலருக்கு அவ்வாறே செய்யும். மல்லாந்து படுப்பதை விட்டு ஒருக்களித்துப் படுத்தல் பலருக்கு உதவும். மெலிந்தவர்க்கு வராது என்று நினைத்தலும் பிழை. சிறிய கீழ்த்தாடையுடைய மெலிந்தவர்க்கும் இது வரும். நாள்தோறும் குறட்டை விடும் சிறுவர்க்குத் தொண்டைச் சதைகளின் வீக்கமே பெரும்பாலும் காரணமாகும். அவர்களைக் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் காட்டவேண்டும்.

கனடாவின் ரொறன்ரோ நகரத்து மயக்கமருந்து வைத்தியர் பிரான்சிஸ் சுங் என்பவரும் குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஆய்வின்வழி வந்த எட்டு வினாக்கள் இன்று உலகெங்கும் வழங்குகின்றன. வீட்டிலேயே கேட்டுப் பார்க்கலாம். மூடிய கதவுக்கு அப்பாலும் கேட்குமளவு குறட்டை உண்டா? பகலிலே அயர்ச்சியும் உறக்கமும் உண்டா? உறக்கத்திலே மூச்சு நிற்பதை யாரேனும் கண்டனரா? இரத்த அழுத்தம் உண்டா? உடற்பருமன் மிகுதியா? வயது 50ஐக் கடந்ததா? கழுத்தின் சுற்றளவு ஏறத்தாழ 40 சென்ரிமீற்றருக்கு மேலா? ஆணா? மூன்றுக்கு ‘ஆம்’ என்று விடை வந்தால் வைத்தியரை நாடுக. ஐந்துக்கோ அதற்கு மேலோ வந்தால் தாமதியாது நாடுக. இவ்வினாக்களுள் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் நோயாளி விடை கூறமுடியாது என்பதைக் கவனியுங்கள். அவ்விடைகள் வீட்டிலுள்ளோரிடமே உள்ளன.

அம்மான் முதல் மூன்று வாரமும் தாங்கியைக் கழற்றி எறியப் பார்த்தார். மாமி விடவில்லை. நான்காம் மாதம் மீண்டும் பரிசோதித்தபோது எண்ணிக்கை 10க்குக் கீழே இறங்கியிருந்தது. தலையிடி போயிற்று. இப்போது பத்திரிகையைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு என்னோடு தர்க்கம் செய்ய வருகிறார்.

சென்ற மாதம் மாமியைக் கண்டபோது, “இப்பவும் இரவிலை எண்ணுறியளோ, மாமி?” என்று கேட்டேன்.

“பழகிப்போச்சுத் தம்பி, எண்ணத்தான் செய்யிறன். ஆனால் பத்துக்குள்ளை எனக்கு நித்திரை வந்திடுது” என்றார்.

வாசக அன்பர்களே, உங்கள் வீட்டிலும் இருளிலே ஒருவர் எண்ணிக்கொண்டு படுத்திருக்கலாம். தாயாக இருக்கலாம், மனைவியாக இருக்கலாம், பக்கத்து அறையிலே பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையாகவும் இருக்கலாம். இன்று காலைத் தேநீரின்போது அவரிடம் கேளுங்கள். அவர் சொல்லத் தொடங்கினால், சிரியாது கேளுங்கள்.